கம்பம் சாலையில் நிற்கிறது, பொறுப்பு எங்கே நிற்கிறது?

(திருப்பூரில் நடைபெற்ற தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் பேச வந்திருப்பது டெல்லி அரசியல் அல்ல. ஒரு மின்கம்பத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 'இதற்கு ஒரு கூட்டமா?' என்று நினைக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். மகிழ்ச்சி! நேற்று வரை ஓரத்தில் நின்ற கம்பம் இன்று சாலைக்குள் வந்து விடுகிறது. கம்பம் நகரவில்லை, சாலைதான் நகர்ந்தது. ஆனால் கம்பத்தை அகற்றாமலேயே அதைச் சுற்றித் தார் ஊற்றி, ரோலர் ஓட்டி, வெள்ளைக்கோடும் போட்டு விட்டுப் போய் விடுகிறார்கள்.

நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புகிறவர் யார்? கட்டிங் மாஸ்டர், பவர்டேபிள் டெய்லர், செக்கிங் பார்க்கும் நம் சகோதரிகள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்த கண்ணில் தூக்கம். எதிரே சரக்கு டெம்போவின் விளக்கு கண்ணைப் பறிக்கிறது. அந்த நொடியில், சாலைக்குள் நிற்கும் சாம்பல் நிற சிமெண்ட் கம்பம் கண்ணுக்குத் தெரியுமா? காரில் போகிறவருக்குக் கார் நொறுங்கும். பைக்கில் போகிறவருக்குக் குடும்பமே நொறுங்கி விடும்!

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல

பீகார் மாநிலம் ஜெகனாபாத்தில் பாட்னா - கயா சாலையைச் சுமார் 100 கோடி ரூபாயில் அகலப்படுத்தினார்கள். மரங்களை அகற்ற வனத்துறை அனுமதிக்கவில்லை, ஈடாக நிலம் கேட்டது. நிர்வாகம் என்ன செய்தது? மரங்களை நடுவிலேயே விட்டு விட்டுச் சாலையைப் போட்டது! 2025 ஜூனில் நாடே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது.

நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 2022ல் வேலூரில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் அதன் சக்கரம் புதையும்படி கான்கிரீட் சாலை போட்டார்கள். அதே ஆண்டு அதே ஊரில் அடிபம்பை அப்படியே சிமெண்டில் புதைத்துக் கால்வாய் கட்டினார்கள். ஒரு பைக்கை நகர்த்தாதவர்கள் கம்பத்தையா நகர்த்துவார்கள்?

சிரிப்பு வருகிறது. ஆனால் சாலையில் நிற்கக் கூடாதது நின்றால் முடிவு சிரிப்பாக இருப்பதில்லை. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், அலங்கார வளைவு நின்ற இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் பலியானார். அவரைக் கொன்றது யார் என்று மக்கள் அந்தச் சாலையிலேயே எழுதிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நம் ஊர்க் கம்பங்களுக்கும் பொருந்தும்.

ஏன் நகர்வதில்லை?

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது அல்லது மாநகராட்சியுடையது. கம்பம் மின்வாரியத்துடையது. கம்பத்தை மாற்ற வேண்டுமானால் சாலைத் துறை கடிதம் எழுத வேண்டும். மின்வாரியம் எஸ்டிமேட் போட வேண்டும். கேட்ட துறை பணத்தைக் கட்ட வேண்டும். அதன்பின் மின்சாரத்தை நிறுத்திப் புதுக் கம்பம் நட்டு, கம்பியை மாற்ற வேண்டும். இத்தனை படிகளில் எந்தப் படியில் கோப்பு தூங்கினாலும் கம்பம் அசையாது.

ஒப்பந்தக்காரர் காத்திருப்பாரா? அவருக்குத் தவணை இருக்கிறது. போட்ட தாருக்குப் பில் வருகிறது. நிற்கும் கம்பத்துக்காக அவர் பில்லை யாரும் நிறுத்துவதில்லை! பிறகு ஒருநாள் கம்பத்தை எடுக்க வருவார்கள். புதுச் சாலையை உடைப்பார்கள். அந்தப் பணமும் நம் வரிப்பணம்தான்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 'புதுக் கம்பம் என் கடை வாசலில் வேண்டாம்' என்று தடுப்பது யார்? 'ஷிப்மெண்ட் இருக்கிறது, கரண்ட்டை நிறுத்தாதே' என்று போன் போடுவது யார்? காதர்பேட்டை வியாபாரிகளும் பனியன் கம்பெனி முதலாளிகளும் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளிலேயே கம்பத்தையும் மாற்றச் சொல்லலாமே! ஒரு சாண் இடம் விட்டுக் கொடுத்தால் ஓர் உயிர் தப்பும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவது அந்தக் கிளை என்றால், இந்தக் கம்பத்தை அகற்றப் பாடுபடுவது எது? அந்தப் பாதையில் போகிறவர் எந்த மதம் என்று கம்பம் கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவைப் பாருங்கள். விதிகளின்படி சாலையை அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது ஆள் போன பிறகு வரும் சட்டம்!

ஆள் போவதற்கு முன்னரும் வழியிருக்கிறது. பொதுவழியில் உள்ள இடையூறை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆக இருந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆக இருக்கிறது. 'எங்களிடம் நிதி இல்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? 1980ல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி கிருஷ்ண அய்யர், பணமில்லை என்ற சாக்கில் நகராட்சி தன் கடமையை விட முடியாது என்று தீர்ப்பளித்து விட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது

சாலை மறியல் வேண்டாம். அதிலும் அவதிப்படுவது வேலைக்குப் போகும் ஏழைதான். உங்கள் தெருவில், நீங்கள் போகும் சாலையில் உள்ளே நிற்கும் கம்பத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணையும் இடத்தையும் குறித்து, படம் எடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். கோட்டாட்சியருக்கு ஒரு நகல் கொடுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: கம்பத்தை மாற்ற எஸ்டிமேட் கேட்ட தேதி எது? பணம் கட்டிய தேதி எது? கம்பம் நிற்கும்போதே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் யார்? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

கம்பம் போகும் வரை அதில் ஒளிரும் பட்டையாவது ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் பட்டை ஒட்டியதோடு திருப்தி அடைந்து விடாதீர்கள்!

நம் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். முதலில் கம்பம், பிறகு தார். கம்பம் நகரும் வரை பில் இல்லை! இதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுவோம்.

சகோதரர்களே! உங்கள் பகுதிக் கம்பத்தின் எண்ணோடு அடுத்த திங்கட்கிழமை வாருங்கள். சேர்ந்தே போவோம். வஸ்ஸலாம்.