பிள்ளையைச் சேர்க்குமுன் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்





ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், ஜும்ஆ முடிந்து ஸலாம் கூறும் சகோதரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மார்க்கச் சட்டமாக இருப்பதில்லை. “ஹஸ்ரத், பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஆறாம் வகுப்புக்கு நம் எர்ணாவூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி சரிப்படுமா? வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்களே” என்கிறார்கள். அந்த ‘எல்லாரும்’ யார் என்று திருப்பிக் கேட்டால், தேநீர்க் கடையில் ஒருவர், மைத்துனர் ஒருவர், அவ்வளவுதான். இவர்களில் எவரும் அந்தப் பள்ளியின் வாசற்படியை மிதித்ததில்லை.

காதில் விழுந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் நம்பிவிட்டுப் பின்னர் கைசேதப்படக் கூடாது என்பது ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுங்கு. மனிதர்களைப் பற்றிய செய்திக்கு மட்டுமா இந்த ஒழுங்கு? நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளின் ஏழு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் செய்திக்கும் அதுவே பொருந்தும். அரசுப் பள்ளி மோசம் என்பதும் விசாரிக்கப்படாத செய்திதான். அரசுப் பள்ளி அருமை என்பதும் விசாரிக்கப்படாத செய்திதான்.

இதை ஜும்ஆ மேடையில் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில் வாழும் நம் மக்களில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள் உண்டு. துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள் உண்டு. மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்களும் உண்டு. ஜூன் மாதம் பிறந்தால் இவர்களில் எத்தனை பேர் தண்டல்காரரிடம் கைநீட்டுகிறார்கள்! எத்தனை சகோதரிகளின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது! வட்டி ஹராம் என்று தெரியாத ஒருவரும் நம்மில் இல்லை. தெரிந்தும், ‘பிள்ளையின் படிப்புக்குத்தானே’ என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு அதில் விழுகிறோம். கட்டணமே இல்லாத ஒரு பள்ளி அடுத்த தெருவில் இருக்கும்போது, அதைக் கண்ணால்கூடப் பாராமல் வட்டிக்கு வாங்கியதற்கு நாளை மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே பாருங்கள் என்கிறேன். எப்படிப் பார்ப்பது?

முதலில், பார்க்க வேண்டிய காலம் இதுதான். ஐந்தாம் வகுப்பு முடியும் இந்தக் கோடையைத் தவறவிட்டால் பின்னர் பல கதவுகள் அடைபட்டுவிடும். நம்மில் பலர் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் வைத்திருந்து, கட்டணம் தாங்காமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். 2020இல் தமிழக அரசு இயற்றிய சட்டம், நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. இவற்றைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் இலவச இடம் பெற்று எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே அதில் விலக்கு. கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறது. ஒன்பதில் மாறிய பிள்ளைக்கு, கட்டிய பணமும் போயிற்று, இந்த உரிமையும் போயிற்று.

சலுகைக்காக மட்டும் ஒரு பள்ளியில் சேர்ப்பது, வரதட்சணையை மட்டும் பார்த்துப் பெண் எடுப்பதைப் போன்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாரும் கேட்பது தேர்ச்சி விகிதத்தை. கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நூறு பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பில் பின்தங்கிய முப்பது பேரை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, எஞ்சிய எழுபது பேரைத் தேர்வெழுத வைத்து அனைவரும் தேறினால், நூறு விழுக்காடு என்று பெரிய பதாகை கட்டலாம். பக்கத்து அரசுப் பள்ளி நூறு பேரையும் தேர்வெழுத வைத்து எண்பத்தெட்டு பேரைத் தேற்றியிருக்கும். அதன் வாசலில் பதாகை இருக்காது. எந்தப் பள்ளி அதிகப் பிள்ளைகளைக் கரை சேர்த்தது? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிகளை நிறுக்கும்போதும் ஒரே தராசு வேண்டும். “சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோர் எத்தனை பேர்” என்று இரண்டு பள்ளியிலும் கேளுங்கள். கணிதத்தில் தவறியோர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

அடுத்து ஆசிரியர். அரசுப் பள்ளி ஆசிரியர் முறையாகப் பயின்று ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக வந்தவர்; தகுதியில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும், 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவு குறையக் கூடாது என்கிறது. தலைமையாசிரியரிடம் மரியாதையுடன் கேளுங்கள்: கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியுள்ளதா? காலியென்றால் எத்தனை மாதமாக? அந்தப் பாடவேளையில் யார் வகுப்பெடுக்கிறார்? கோபப்படாமல் பதில் சொல்லும் தலைமையாசிரியர் கிடைத்தால் அதுவே பாதி நல்ல அடையாளம். அறிவியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு துருப்பிடித்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா என்று ஆவலுடன் கேட்கிறோம். இருக்கலாம். என் யோசனை வேறு: ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்துத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ‘என்ன புரிந்தது?’ என்று கேளுங்கள். தாய்மொழியில் வாசித்துப் பொருள் சொல்ல இயலாத வகுப்பில், ஆங்கிலவழி என்ற பலகை என்ன செய்யும்? நம் மக்தப் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்பதை உஸ்தாதுமார்கள் கவனத்திற்குச் சொல்லி வைக்கிறேன்.

அது உயர்நிலைப் பள்ளியா, மேல்நிலைப் பள்ளியா என்பதையும் பாருங்கள். உயர்நிலையானால் பத்தோடு முடியும். பதினொன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கத்திவாக்கம் போகுமா, திருவொற்றியூர் போகுமா, அங்கே விரும்பிய பாடப்பிரிவு உண்டா? பெண்பிள்ளைகளின் படிப்பு நம்மிடையே பத்தோடு நின்றுவிடுவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையை உங்கள் பிள்ளை கடக்க வேண்டுமா? பள்ளி விடும் நேரத்தில் அங்கே ஒருமுறை நின்று பாருங்கள். காற்றையும் கேளுங்கள். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குடும்பங்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடியதை நாம் மறக்கவில்லை. அதே மாதம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. வாயு கசிந்தது இரவில். பகலாக இருந்திருந்தால் பிள்ளைகள் வகுப்பறையில் இருந்திருப்பார்கள். தனியார் பள்ளிக்கு அனுப்பினால் இந்த அச்சம் இல்லை என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில்தான் வாயு நெடி பரவி மாணவியர் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எனவே எந்தப் பள்ளியானாலும் கேளுங்கள்: நெடி வந்தால் மணி அடிப்பவர் யார்? எந்த வாயில் வழியாக, எந்தத் திசைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வீர்கள்? பெற்றோரின் தொலைபேசி எண்கள் யாரிடம் உள்ளன? இந்தக் கேள்விக்கு விழிக்கும் பள்ளி, எண்ணூர்க் காற்றில் நடத்தத் தகுந்த பள்ளியன்று.

உணவைப் பற்றிச் சிலர் தயங்குகின்றனர். பகலுணவு தரும் வழக்கம் 1920ஆம் ஆண்டளவில் இதே சென்னையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. தருவது சோறு, சாம்பார், முட்டை முதலியன. அதில் நமக்கு ஐயத்திற்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அனுமதி, பெண்பிள்ளைகளின் தலைத்துணி ஆகியவற்றைச் சேர்க்கும் நாளிலேயே சண்டைக் குரலின்றிப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் அல்லாதோர் நடத்தும் பள்ளி என்று ஒதுங்குவோருக்கு ஒரு செய்தி. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே மீட்புத்தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். வாளேந்தி வந்தவரிடமிருந்தும் எழுத்தை வாங்கிக்கொண்ட உம்மத் நாம். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் சூரியனை ஆராய ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நம் சமுதாயப் பெண்மணி. ஒருவர் உயர்ந்ததனால் அத்தகைய பள்ளிகள் எல்லாம் நல்லவை என்று ஆகிவிடாது. ஆனால் அங்கே படித்தால் உயர முடியாது என்ற பேச்சுக்கு அவர் மறுப்பு.

பார்த்த பின்னர் குறைகள் தென்பட்டால்? தென்படும். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் காலியிடத்தைத் தீர்மானமாக எழுதி மேலிடத்திற்கு அனுப்பும் இடம் அது. பள்ளி மாநகராட்சியைச் சேர்ந்ததா, கல்வித் துறையைச் சேர்ந்ததா என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மனு உரிய மேசைக்குப் போகும். 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததிலிருந்து இதில் குழப்பம் உண்டு. அந்தக் குழுவில் நம் மஹல்லாவின் தாய்மார்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கவிருக்கும் குடும்பத்தார் இன்று தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தலைமையாசிரியரிடம் நாள் கேட்டு, இன்ஷா அல்லாஹ், இம்மாதம் வகுப்பு நடக்கும் ஒரு நாளின் காலை பத்து மணிக்கு ஒன்றாகப் போய்ப் பார்ப்போம். தந்தைமார் மட்டும் வந்தால் போதாது. வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்து வாருங்கள். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.