நடுக்குவாதமும் நேரந் தவறாத மருந்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நாம் ஒரு மருந்துக் குளிசையைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதியோரைப் பேணுதல் இளையோர் கடன் என்று இத்தகைய மேடைகளிற் பலரும் பேசக் கேட்டிருக்கின்றோம். அந்தக் கடன் அவர்கள் காலைத் தொட்டு வணங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை எட்டு மணிக்கே கொடுப்பதும் பேணுதலேயாம். இவ்வுண்மை மிகவும் பொருந்துகின்ற ஒரு நோயைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகின்றோம்.

கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை சிறுத்துத் தளரும், எழுத்துக் குறுகும், முகத்தில் உணர்ச்சி மங்கும். ஆயுள்வேத வைத்தியர்கள் கம்பவாதம் என்று கூறும் நோய் இதனை ஒத்ததாகும். லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரே இந்நோய்க்கு வழங்கலாயிற்று.

நடுமூளையிலே கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கி, உடலின் அசைவுகள் ஒழுங்காக நடைபெறச் செய்கின்றன. அக்கலங்கள் சிறிது சிறிதாக அழிய டோபமைன் குறைகின்றது. நோயாளரின் மூளையில் இக்குறைவு இருப்பதை வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்னும் அறிஞர் 1960இல் எடுத்துக் காட்டினார். டோபமைனை அப்படியே உட்கொண்டால் அது மூளைக்குட் புகாது. லெவோடோபா என்னும் மருந்தோ உட்புகுந்து அங்கே டோபமைனாக மாறும். அமெரிக்காவிற் கோட்சியாஸ் என்னும் வைத்தியர் 1967இல் இதனைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி வாய்வழி கொடுத்து நற்பயன் கண்டார். இப்பொழுது அதனோடு கார்பிடோபா போன்ற துணை மருந்தையும் சேர்த்துக் குளிசையாகக் கொடுக்கின்றார்கள். லெவோடோபா மூளையை அடையுமுன் வீணாகாமல் துணை மருந்து காக்கின்றது, குமட்டலையும் குறைக்கின்றது.

இம்மருந்து நோயை வேரோடு களைவதன்று. குறைந்ததை நிரப்பி வைப்பது மாத்திரமே. சில மணித்தியாலங்களில் அதன் வலு இறங்கிவிடும். ஆதலின் அடுத்த குளிசை உரிய வேளையில் வந்து சேர வேண்டும். நாம் சொல்லப் போவன எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

நாம் நன்கறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இந்நோய் வந்தது. வைத்தியர் நாளொன்றுக்கு மூன்று வேளை குளிசை எழுதிக் கொடுத்தார். வீட்டார் அன்புள்ளவர்கள், ஆயினும் மற்றைய மருந்துகளைப் போலவே இதனையும் வயிறு நிறையச் சோறும் பருப்பும் தயிரும் உண்டபின் கொடுத்து வந்தனர். சில மாதங்களின் பின், பகல் வேளைக் குளிசை வேலை செய்யவில்லை என்று பெரியவர் முறையிட்டார். பார்க்க வந்த ஒருவர், "இங்கிலீஷ் மருந்து உங்களுக்குப் பிடிக்கவில்லை ஐயா, விட்டுவிடுங்கள்" என்றார். அவரும் விட்டுவிட்டார். சில நாட்களுள் உடல் மரம்போல் விறைத்தது, கடுஞ் சுரம் வந்தது, அறிவு தடுமாறியது. வைத்தியசாலையில் அவரைக் காப்பாற்றுவது பெரும்பாடாயிற்று. நாம் போய்ப் பார்த்தபோது, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுதப் பழக்கிய அக்கை போர்வையின்மேல் அசைவற்றுக் கிடந்தது. உயிர் பிழைத்தார். மருந்தை மீண்டும் தொடங்கிய வைத்தியர் அதன் அளவை மாற்றவில்லை; வேளையை மாத்திரம் மாற்றினார். உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகக் கொடுக்கச் சொன்னார். சில வாரங்களிற் பெரியவர் படலையடி வரை தாமாகவே நடந்து வந்தார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை யாவை?

முதலாவது, வைத்தியரைக் கேளாமல் இம்மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. குறைப்பதாயினும் அவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். குளிசை முடியுமுன்னரே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்தல் நன்று.

இரண்டாவது, உணவு. பருப்பு, பால், தயிர், மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதம் மூளைக்குட் செல்லும் வழியில் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றது. சிறப்பாக, நோய் முதிர்ந்தவர்களில் இது தெரியவரும். உணவுக்கு அரை மணித்தியாலம் முன் அல்லது ஒரு மணித்தியாலத்தின் பின் குளிசையை நீருடன் எடுப்பதே பொதுவான முறை. குமட்டல் வந்தால் ஒரு வெறும் பிஸ்கட் போதும். ஆனால் புரதத்தை அறவே ஒதுக்கி உடலை மெலிய விடலாகாது. இரும்புச் சத்துக் குளிசையையும் இதனையும் ஒரே வேளையிற் கொடாது, இரண்டு மணித்தியாலமேனும் இடைவெளி விடுக.

மூன்றாவது, ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்க வேண்டாம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த குளிசைகளும் உண்டு. அவற்றை இடித்துத் தூளாக்கக் கூடாது.

நான்காவது, பிற மருந்துகள். வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட், புரோக்குளோர்பெரசீன், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் ஆகியவை டோபமைனைத் தடுத்து நோயை மோசமாக்கும். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும், "இவருக்குப் பார்க்கின்சன் நோய் உண்டு" என்பதே முதற் பேச்சாக இருக்கட்டும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இயற்கையாக உண்டு. அதனைச் சூரணமாக இரகசியமாய்ச் சேர்த்துக் கொண்டால் மருந்தின் அளவு மிஞ்சிவிடும். நாட்டு மருந்து எடுப்பவர் அதனை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

ஐந்தாவது, பக்க விளைவுகள். எழும்பும்போது தலை சுற்றலாம். கட்டிலில் சற்று இருந்து பின்னர் எழும்புக. சிறுநீரும் வியர்வையும் கருமை படரலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். இல்லாத ஆட்களைக் காண்பதும், தம்மை அறியாது உடல் நெளிவதும், பகலில் திடீரென உறங்கிவிடுவதும் வைத்தியரிடம் கூற வேண்டியவை. பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற மருந்துகளை எடுக்குஞ் சிலருக்குச் சூதாட்டத்திலும் வீண் செலவிலும் அடக்க முடியாத ஆசை எழுவதுண்டு. அது அவர்களின் குணக்கேடு அன்று, மருந்தின் விளைவு. ஏசாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். விரத நாட்களில், "இன்று மருந்தும் வேண்டாம்" என்று சிலர் இருந்துவிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். உணவைத் துறப்பது விரதம். உயிரைத் தாங்கும் மருந்தைத் துறப்பது விரதமாகாது. உபவாசம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டு, மருந்தை நீருடன் தவறாது எடுங்கள்.

வாலிப அன்பர்களே, இனி உங்களுக்கு. உங்கள் கைத்தொலைபேசியில் மணியடிக்கச் செய்வது ஒரு நிமிஷ வேலை. அப்பப்பாவின் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். வைத்தியசாலையில் அனுமதிக்க நேர்ந்தால் அத்துண்டைத் தாதியிடம் காட்டி, வேளை பிந்தினால் வரும் துன்பத்தைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். அயலில் பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியவர் இருப்பின், அவர் வீட்டுப் படலையை நாளுக்கொரு முறை திறந்து பாருங்கள்.

நோயை மாற்றும் வல்லமை நம்மிடம் இல்லை. வேளையைக் காக்கும் வல்லமை நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. அந்த ஆசிரியருக்கு இப்பொழுது மருந்து வேளையை நினைவூட்டுபவன் அவருடைய பேரன். அவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனால் இயன்றது நம்மாலும் இயலும்.