ஓடறதுக்கும் ஒரு பாதை வேணும்

(கூட்டமைப்பின் உடல்நலக் கூட்டத்தில், மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் கிராமக் குழு உறுப்பினர்கள் முன்பு, எர்ணாவூர் – திருவொற்றியூர் குழுக்களின் சார்பில் பேசியது.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன்னு பேசிப் பழகின கூட்டம் இது. இன்னைக்கு நாங்க காலைல நடக்கிறதைப் பத்தியும் மெதுவா ஓடறதைப் பத்தியும் பேச வந்திருக்கோம். “களை எடுக்கிறோம், தண்ணி சுமக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போறோம், இதுக்கு மேல எதுக்கு ஓடணும்?”னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான்.

வயல் வேலையும் நல்ல உழைப்புதான். யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த வேலை வருஷம் பூரா இருக்கா? நடவும் அறுப்பும் முடிஞ்சா பல மாசம் உட்கார்ந்த வேலைதான். தையல் மெஷின், பூக்கட்டுறது, டி.வி. இப்படியே போகுது. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி, நம்ம நாட்டுப் பெண்கள்ல 100-க்கு 57 பேருக்கு உடம்புக்குத் தேவையான அசைவு இல்லைன்னு ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2024-ல் எழுதியது. ஆண்கள்ல அது 42 பேர்தான். இந்தியாவுல சர்க்கரை நோய் உள்ளவங்க 10 கோடிக்கு மேலன்னு 2023-ல் வெளியான ஆய்வு சொல்லுது.

இதுக்கு எவ்வளவு நடக்கணும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு சுலபம்: வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை, இல்லைன்னா 75 நிமிஷம் ஓட்டம். அதாவது தினம் அரை மணி, வாரத்துல அஞ்சு நாள். சந்தா கட்டற மாதிரிதான், விடாம கட்டினா சேரும்.

இப்போ எங்க ஊர்க் கதையைச் சொல்றோம். உங்ககிட்ட இருக்கிறதோட மதிப்பு அப்பதான் புரியும்.

சென்னைன்னா மெரினாவில எல்லாரும் ஓடறாங்கன்னு நினைப்பீங்க. கடல் எங்களுக்கும் இருக்கு. மணல்தான் இல்லை. நம்ம கரையோரமா மணல் வருஷத்துல பெரும்பாலான நாள் தெற்கேயிருந்து வடக்கே நகருது. 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்ச பிறகு அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிப்போச்சு. அங்க மெரினா அகலமாச்சு. இங்க இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுடுச்சு. கரையைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. கல்லு மேல எப்படி ஓடறது?

சரி, ரோட்டுல ஓடலாம்னா, துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. நம்ம பக்கத்துலயே நாம போனாலும், உயரத்துல உட்கார்ந்திருக்கிற டிரைவர் கண்ணுக்கு நாம தெரியறதில்லை. புகை வேற. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 6 லிருந்து 8 லிட்டர் காத்து இழுக்கிறோம். ஓடும்போது அது பல மடங்கு ஆகுது. நல்ல காத்துன்னா பல மடங்கு நல்லது, கெட்ட காத்துன்னா பல மடங்கு கெடுதல். மார்கழி, தை மாசத்துல விடியற நேரம் குளிர்ந்த காத்து புகையைக் கீழேயே அமுக்கி வெச்சிடும். அதனால அந்த மாசங்கள்ல நாங்க வெயில் ஏறின பிறகுதான் கிளம்புறோம்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்சுது. அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சு, ஜனங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டு ஓடினாங்க. அந்த ஓட்டம் யாருக்கும் வரக்கூடாது.

இவ்வளவுக்கு நடுவுலயும் நாங்க பாதை கண்டுபிடிச்சிருக்கோம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலைச் சுத்தியிருக்கிற மாடவீதிகள் விடியற நேரம் எங்களுக்கு ஓட்டப் பாதை. இராயபுரத்துப் பெண்களுக்கு அறிஞர் அண்ணா பூங்கா இருக்கு. முன்னே ராபின்சன் பூங்கான்னு சொல்வாங்க, 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். மத்தவங்க லாரி வராத உள்தெருவா பார்த்து நடக்கிறாங்க.

உங்களுக்கு என்ன குறை? ஏரிக்கரை இருக்கு, வாய்க்கால் மேடு இருக்கு, வயலுக்குப் போற மண் பாதை இருக்கு. தாரு ரோட்டை விட மண் பாதை முட்டிக்கு இதம். கரை ஏறி இறங்கினா இதயத்துக்கும் காலுக்கும் தனிப் பயிற்சி. 2023 நவம்பர் 4-ஆம் தேதி அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு 38 மாவட்டத்துலயும் 8 கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கிச்சு. எட்டு கிலோ மீட்டர்னா கிட்டத்தட்ட 10,000 அடி. அந்தப் பாதை நம்ம வீட்டு வாசலுக்கு வராது. நம்ம ஊர்ப் பாதையை நாமதான் குறிக்கணும்.

எப்படி ஆரம்பிக்கிறது?

முதல் இரண்டு வாரம் நடை மட்டும். அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, மாத்தி மாத்தி. நடையிலயோ மெது ஓட்டத்துலயோ பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே முடியாம மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைங்க.

புடவையோ சுடிதாரோ எதுவா இருந்தாலும் சரி. ஆனா ரப்பர் செருப்போட ஓடாதீங்க, கால் பிசகும். சாதாரண கான்வாஸ் ஷூ போதும்.

நாலு பேராவது சேர்ந்து போங்க. ரோடா இருந்தா வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி போங்க. இருட்டுல வெளிர் நிறத் துணி போடுங்க.

நம்ம நாட்டுப் பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல இரத்தசோகை இருக்குன்னு 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. அதனால ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல இரத்தமும் பி.பி.யும் பாருங்க. கர்ப்பிணிகள், ஆபரேஷன் ஆனவங்க, இதய நோய் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவங்க முந்தானையில கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ முடிஞ்சுக்கணும். நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா உடனே நின்னுடணும்.

“இந்த வயசுல இவளுக்கு என்ன ஓட்டம்?”னு பேசுவாங்க. குழு ஆரம்பிச்சு வங்கி வாசல்ல நின்னப்பவும் பேசினாங்க. இன்னைக்கு அவங்க வீட்டுப் பெண்களும் குழுவுல இருக்காங்க. ஒருத்தியா ஓடினாத்தான் கேலி. பத்துப் பேர் சேர்ந்து ஓடினா அது ஊர் வழக்கம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துல, உங்க ஊர்ல எந்தப் பாதைன்னு முடிவு பண்ணி தீர்மான நோட்டுல எழுதுங்க. அங்க சீமைக் கருவேல முள் இருக்கா, விளக்கு எரியலையா, நாய்த் தொல்லையா, மறைவா குடிக்கிறவங்க உட்கார்றாங்களா, எல்லாத்தையும் சேர்த்து எழுதி அடுத்த கிராம சபையில மனுவா குடுங்க. நாங்க லாரிக்கு நடுவுல பாதை தேடிக்கிட்டிருக்கோம். உங்ககிட்ட இருக்கிற ஏரிக்கரையை முள்ளுக்கும் குப்பைக்கும் விட்டுடாதீங்க.