கருமை எங்கே போயிற்று?

என் காரின் ஜன்னல் தூண்களில் பதித்திருந்த கரும்பிளாஸ்டிக், வாங்கிய நாளில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. எட்டாண்டு வெயிலில் சாம்பல் பூத்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவினேன், பளபளத்தது. மறுநாள் புழுதி அப்பிக்கொண்டதுதான் மிச்சம்!

மாணவ நண்பர்களே, கருமை எங்கும் போய்விடவில்லை. ஈரத்துணியால் துடைத்தபோது, நீர் உலரும்வரை அது மீண்டும் தோன்றிற்று. 1801-இல் ரிட்டர் கண்டறிந்த புற ஊதாக் கதிர்கள், காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அதனால் விளையும் நுண்ணிய வெடிப்புகளில் ஒளி சிதறுகிறது. அச்சிதறலே நாம் காணும் சாம்பல் நிறம். நீரும் எண்ணெயும் வெடிப்புகளை நிரப்பிச் சிதறலைக் குறைக்கின்றன, அவ்வளவே.

பிறகு, மெருகேற்றும் நுண்பசையை மென்துணியில் எடுத்து, மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுத் தேய்த்தேன். நைந்த மேற்படலம் நீங்கவே, வலப்புறத் தூண்கள் ஒளிபெற்றன. மேற்கு வெயிலை நேரே வாங்கிய இடப்புறத்திலோ மேல்வார்னிஷே உரியத் தொடங்கியிருந்தது. அதைக் கவனியாமல் தேய்த்தேன். உரிவு உள்ளங்கையளவு பெருகிற்று. இனி அதை உப்புத்தாளால் தேய்த்து, புதிதாக வண்ணம் பூசத்தான் வேண்டும்.