தடுமனுக்குத் தாள் திறக்கும் ஒட்டுப்புரதம்



தடுமன் பிடிக்காத மூக்கு நம்மில் எவர்க்கும் இல்லை. எளிய நோய் என்று தள்ளிவிடுகின்றோம். இரைப்பு நோயுள்ள குழந்தையைப் பெற்ற தாயைக் கேளுங்கள். காலையில் தும்மலாய்த் தொடங்கியது இரவில் மூச்சுத்திணறலாய் முற்றுவதை அவள் சொல்வாள்.

தடுமனைப் பெரும்பாலும் உண்டாக்குவது மூக்குநச்சுயிரி. அதில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள. ஒரு மயிரிழையின் குறுக்கே ஏறத்தாழ 2,000 நச்சுயிரிகளை நிறுத்தலாம். கைகால் இல்லாத இவ்வுருண்டை நம் உயிரணுவிற்குள் எவ்வாறு நுழைகின்றது?

கதவை நாமே வைத்திருக்கின்றோம். அதன் பெயர் ஐகாம்-1. தமிழில் ஒட்டுப்புரதம் என்போம்; ஒட்டு மாங்கன்று என்கிறோமே, அதே ஒட்டுத்தான். 1986-இல் அமெரிக்க அறிவியலார் இசுபிரிங்கர் குழுவினர் இதனைக் கண்டபொழுது நச்சுயிரியைத் தேடவில்லை. குருதியில் ஓடும் வெள்ளணு எதைப் பற்றி நிற்கின்றது என்றே தேடினர். வெள்ளத்தில் போகின்றவன் கரைமரத்து வேரைப் பற்றுவது போல, வெள்ளணு குருதிக்குழலின் உட்சுவரிலுள்ள இப் புரதத்தைப் பற்றி நின்று, சுவரைக் கடந்து, பகையை அழிக்கச் செல்கின்றது.

இதே புரதம் மூக்கின் உட்சவ்விலும் உண்டு. மூக்குநச்சுயிரியின் பெரும்பான்மை வகைகள் பற்றுவதும் இதனையே என்று 1989-இல் மூன்று குழுவினர் தனித்தனியே கண்டனர்! ஐந்து மணி கோத்த கோல் போன்றது அது. உரொசுமன் குழுவினர் 1985-இலேயே நச்சுயிரியின் மேற்புறத்தில் ஒரு பள்ளத்தைக் காட்டியிருந்தனர். கோலின் நுனிமணி அப் பள்ளத்துள் பொருந்துகின்றது. உயிரணு நச்சுயிரியை உள்ளிழுக்கின்றது; ஓடு நெகிழ்கின்றது; மரபிழை உள்ளே இறங்குகின்றது.

கொடுமை இனித்தான். நோய் தொற்றியவுடன் அவ்விடத்து உயிரணுக்கள், வெள்ளணுக்களுக்குப் பிடி தர, இப் புரதத்தை மேலும் மிகுதியாக வெளிக்காட்டுகின்றன. காவலர்க்கு வைத்த கதவுகள் பெருகப் பெருகக் கள்வர்க்கும் வழி பெருகுகின்றது.

அடைத்துவிட்டால் என்ன என்பீர்கள். அடைத்தால் வெள்ளணுவின் பிடியும் போகுமே! ஆகவே அப் புரதத்தையே தனியே செய்து, மூக்கில் தெளித்து, நச்சுயிரியை ஏமாற்றிப் பார்த்தனர். 1999-இல் வெளிவந்த ஆய்வில் தடுமனின் கடுமை குறைந்தது. ஆனால் நாளொன்றுக்குப் பலமுறை தெளிக்க வேண்டியிருந்தது. அம் மருந்து கடைக்கு வரவேயில்லை.

இரைப்புக் குழந்தைகளை மிகுதியும் வருத்தும் சி இனமோ இக் கதவை நாடுவதே இல்லை. அது வேறொரு புரதத்தைப் பற்றுவதை 2015-இல் கண்டனர். அப் புரதத்தின் ஒரு மாற்றுவடிவைப் பிறப்பிலேயே பெற்ற குழந்தைகளுக்கு இரைப்பு மருத்துவமனைக்குச் செல்லுமளவு முற்றுவதைத் தென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் அதற்கு முந்திய ஆண்டே காட்டியிருந்தனர்.