கடல் நடுவே நோயாளி: தனிமனிதப் பொறுப்பா, கூட்டு உரிமையா?

தன் உடல்நலத்திற்குத் தானே பொறுப்பு என்னும் அறிவுரை இன்று காப்பீட்டு விளம்பரங்களிலும் தனியார் மருத்துவமனைகளின் பிரசுரங்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. நோயாளி தன் நோயை அறிந்துகொள்ள வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், சிகிச்சை பற்றிய முடிவில் பங்கேற்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், இந்த அறிவுரையை வழங்குவோரின் மனத்தில் இருப்பது ஒரு நுகர்வோர். ஒரு மருத்துவரிடம் நிறைவில்லை என்றால் அவர் அடுத்த தெருவில் உள்ள மருத்துவரிடம் செல்வார். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உழைப்பாளிக்கு அந்த அடுத்த தெரு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். அவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழர்கள். கட்டுமானத்திற்கும் துறைமுக வேலைக்கும் வந்தோர் உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டு, காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் இத்தீவுகளுக்குள் உயர்சிகிச்சைக்கான கடைசிப் புகலிடம் போர்ட் பிளேரில் (இன்றைய அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனை. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணம். வானிலை இடங்கொடுத்தால்தான் ஹெலிகாப்டர். போர்ட் பிளேரிலும் இயலாத சிகிச்சைக்குச் சென்னையோ கொல்கத்தாவோ செல்ல வேண்டும். அது கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

மருத்துவமனை இல்லாத தீவில் காப்பீட்டு அட்டை சிகிச்சை அளிக்காது. அதே கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் மதிப்பில் துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் அமைக்க ஒன்றிய அரசு திட்டம் தீட்டியிருக்கிறது. எது அவசரம் என்பதை அரசு எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்நிலையில், நோயாளி தன் சிகிச்சையைத் தன் கையில் எடுத்துக்கொள்வது என்பதன் பொருள் என்ன? மூன்று அனுபவங்கள் விடை தருகின்றன.

முதலாவது, இத்தீவுகளின் அனுபவம். 1980களின் இறுதியில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில் கடுங்காய்ச்சல் பரவியது. நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மக்கள் மாண்டனர். காரணம் புலப்படாததால் ‘அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1990களில்தான், போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், என்று நிறுவியது. எலிகள், கால்நடைகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிறு காயம் வழியே கிருமி உடலில் நுழைகிறது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் உழவரையே அது முதலில் தாக்குகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய, மலிவான மருந்துகளால் குணப்படுத்தலாம். ஆகவே, காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்லும் கூலித் தொழிலாளி, “வயலில் வேலை செய்கிறேன், காலில் புண் இருக்கிறது” என்று சொல்லும் ஒரு வாக்கியம் உயிரைக் காக்கக் கூடியது. அதைச் சொல்லும் அறிவு அவரிடம் இருக்க வேண்டும்; சொன்னால் செவிமடுத்து உடனே பரிசோதிக்கும் வசதி அருகில் இருக்க வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது.

இரண்டாவது, வங்காளத்தின் அனுபவம். 1992இல் விவசாயத் தொழிலாளர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமடைந்தார். இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பெருந்தொகை செலவிட்டு உயிர் பிழைத்தார். அவர் தன் சங்கமான பச்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதியுடன் இணைந்து உச்சநீதிமன்றம் சென்றார். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதியில்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் 1996இல் தீர்ப்பு வந்தது. அன்று அம்மாநிலத்தில் ஆட்சியிலிருந்தது இடது முன்னணி. அதை மறைக்கத் தேவையில்லை. எந்த அரசாயினும், நோயாளியின் உரிமையை நிலைநிறுத்த அமைப்பாகத் திரண்ட மக்கள் வேண்டும் என்பதே அதன் பாடம்.

மூன்றாவது, மருந்து விலையின் அனுபவம். 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரிகளும் மக்கள் நல அமைப்புகளும் கொடுத்த அழுத்தத்தால் 3(டி) பிரிவு வலுப்பெற்றது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை பெறுவதை அது தடுக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியபோது, புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து நின்றது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்று அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்துக்குச் சுமார் 10,000 ரூபாய்தான் ஆனது. எந்தத் தனி நோயாளியும், எவ்வளவு படித்தவராயினும், கடைக்காரரிடம் பேரம் பேசி இந்த வேறுபாட்டைப் பெற்றிருக்க முடியாது.

தோழர்களே, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா மாநாடு, தம் உடல்நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் தனியாகவும் கூட்டாகவும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று பிரகடனம் செய்தது. ‘கூட்டாக’ என்னும் சொல்லை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் நோயாளியின் தலையில் சுமத்துவதுதான் இன்றைய சந்தை செய்யும் தந்திரம்.

ஆகவே, கிளைகளின் முன் உள்ள பணிகள் திட்டவட்டமானவை. நோயின் பெயர், மருந்து, பரிசோதனை முடிவு அடங்கிய கோப்பு ஒன்று ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் இருக்கச் செய்ய வேண்டும். கடலைக் கடந்து செல்லும் நோயாளிக்குக் கோப்பு தொலைந்தால், எல்லாப் பரிசோதனைகளும் மீண்டும் தொடங்கும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. இவற்றைத் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவரின் மொழி அறியாத முதியவருடன் மொழி அறிந்த தோழர் ஒருவர் செல்ல வேண்டும். எந்தத் தீவில் எந்தப் பணியிடம் காலியாக உள்ளது, எந்த மருந்து இருப்பில் இல்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே எழுத்தில் பெற்று மக்கள் முன் வைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் அரசின் பணியைக் கட்சி செய்வதற்கு அன்று. அரசைத் தன் பணியைச் செய்ய வைப்பதற்கே. கேம்ப்பெல் பேயின் நோயாளிக்குச் சென்னையின் நோயாளிக்கு உள்ள அதே உரிமை உண்டு. இடையிலுள்ள கடலைக் கடப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது.