காப்பு என்பது யாது?



வெள்ளி விழாக் காணும் இக்கல்விக் கழகத்தின் மேடையில் பாதுகாப்பு என்னும் பொருள் பற்றிப் பேச எம்மைப் பணித்துள்ளீர்கள். நெய்வேலியில் வாழும் நமக்கு இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. நம் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. பம்புகள் இரவு பகலாக இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைப்பதனால்தான் சுரங்கத்தின் தரை பிளவாது நிற்கிறது. நேற்று இறைத்தோம் என்று இன்று ஓய்ந்திருக்க முடியாது.

சட்டம் தரும் காப்பும் அத்தகையதே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. எனினும் 1993-இல், நம் நகரியத்திற்கு அருகிலுள்ள கம்மாபுரம் காவல் நிலையத்தில், முதனை ஊரைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். தப்பியோடிவிட்டார் என்றனர் காவலர். காக்கும் இடமே கொலைக்களமாயிற்று.

அவர் துணைவியார் பார்வதி அடங்கிவிடவில்லை. வழக்கறிஞர் சந்துரு வாயிலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். உண்மை வெளிப்பட்டது, ஆண்டுகள் பல கடந்து குற்றம் புரிந்த காவலர் தண்டனை பெற்றனர். உரிமை பறிபோகுங்கால் உச்ச நீதிமன்றத்தை நாட வழிசெய்யும் 32-ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்று அண்ணல் அம்பேத்கர் 1948-இல் போற்றியதன் பொருள் இப்போது விளங்கும். உயர் நீதிமன்றத்திற்கு அவ்வழியைத் திறப்பது 226-ஆம் பிரிவு. கேட்பார் உள்ள இடத்தில்தான் சட்டம் உயிர்பெறுகிறது.

ஆகவே, இக்கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் தேர்வில் வெல்லட்டும், மகிழ்வோம். அத்துடன், புகார் மனு எழுதவும், முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறவும், கைதானவர் வழக்கறிஞரை நாடும் உரிமை உடையவர் என உரைக்கவும் ஒவ்வொரு பிள்ளையும் பழக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகட்கும் உரிய உரிமைகளை அதில் சேர்த்தது 2015-ஆம் ஆண்டுத் திருத்தம். இவற்றை எத்தனை குடும்பங்கள் அறியும்?

பார்வதி அம்மையார் தனித்து நின்று தொடங்கினார். இனி நம்மில் எவரும் அவ்வாறு தனித்து நிற்க நேரலாகாது. அதுவே காப்பு, அதனை நாள்தோறும் நாமே இறைத்துக் காத்தல் வேண்டும்.